கண் திறவாத பெருச்சாளி

நெல்லியடிச் சந்தியிலிருந்து கரவெட்டிக்குள் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், கிடுகு வேலிக்குப் பின்னால் அந்த வீடு. விறாந்தையில் ஒரு பலகை, பலகையில் இழுத்துக் கட்டிய வெள்ளைச் சீலை. சீலையில் பெருச்சாளி ஒன்று முன்னங்கால்களில் மோதகம் பிடித்து நிற்கிறது. உடல் முடிந்துவிட்டது, மீசைமயிரும் முடிந்துவிட்டது. கண் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் வெறுந்துணி.

"கண்ணை நான் வைக்கிறேல்லை தம்பி. அது ஐயற்றை வேலை."

அவருக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். ஊரில் கொடிச்சீலை எழுதுகிறவர். மறுநாள் விடியப் பிள்ளையார் கோயிலில் கொடியேற்றம். சீலைக்குப் பூசை செய்து, குருக்கள் பொன்னூசியால் கண் திறந்த பிறகுதான் இந்தத் துணி கொடியாகும். அதுவரை இது அண்ணையின் கைவேலை மட்டுமே.

கோடித் துணியை முதலில் அலசி, மெல்லிய கஞ்சி போட்டு, நிழலில் காயவைக்கிறார். கஞ்சி போடாமல் ஒருதரம் எழுதிப் பார்த்தாராம்; மயிர்முனை அளவுக் கோடு விரல் பருமனுக்கு ஊறிவிட்டது. வால் எழுதும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறார். கோடு முடிந்ததும்தான் மூச்சு வெளியே வருகிறது, கதையும் வருகிறது.

எந்தக் கோயிலுக்கு எந்த உரு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சிவனுக்கு இடபம், அம்மனுக்குச் சிங்கம், பெருமாளுக்குக் கருடன், முருகனுக்கு மயில் அல்லது சேவல், பிள்ளையாருக்கு இந்தப் பெருச்சாளி. சுற்றிவரச் சூரியன், சந்திரன், குடை, சாமரம், சங்கு, பூரணகும்பம். எழுத்தறியாதவரும் சீலையைப் பார்த்த உடனே எந்தத் தெய்வத்தின் திருவிழா என்று சொல்லிவிடலாம். தச்சந்தோப்புப் பிள்ளையாரும் அத்துளு அம்மனும் இருக்கிற ஊரில் இது பிள்ளைகள் படிக்காமலே படிக்கிற பாடம்.

அரசரும் இதே மொழியைத்தான் பேசினார்கள். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் காசுகளில் படுத்திருக்கும் இடபமும் மேலே பிறையும் உண்டு. கீழே 'சேது' என்ற தமிழெழுத்து. அவர்களுடைய கொடியும் இடபக் கொடிதான். 1619இல் போர்த்துக்கேயர் அந்த அரசை முடித்துவைத்தார்கள். காசிலிருந்தும் அரச கொடியிலிருந்தும் போன இடபம் சிவன் கோயில் கொடிச்சீலையில் இன்றும் ஆண்டுதோறும் ஏறுகிறது.

சைவ சித்தாந்தம் இந்தத் துணிக்கு இன்னும் ஆழமான பொருள் வைத்திருக்கிறது. கொடிமரம் பதி என்கிற இறைவன், சீலை பசு என்கிற உயிர், தர்ப்பைக் கயிறு பாசம் என்கிற கட்டு, ஏற்றுகிற கயிறு திருவருள். சிதம்பரத்தில் ஏறாமல் நின்ற கொடியை உமாபதி சிவாசாரியார் பாடி ஏற்றினார் என்பது மரபுக் கதை. அந்தக் 'கொடிக்கவி' பதினான்கு சாத்திரங்களில் ஒன்றாயிற்று. நல்லூர் முருகன் கோயிலில் 25 நாள் திருவிழாவுக்கான சீலையைச் செங்குந்த மரபினர் கல்வியங்காட்டிலிருந்து எடுத்துவருகிறார்கள். நெசவுகாரக் குடி அது. சீலையைத் தருவது அவர்களுடைய உரிமை, பெருமையும்கூட.

சுவரில் ஒரு தபாலட்டை குத்தியிருந்தது. சுவிஸிலிருந்து மருமகன் அனுப்பியதாம். சிவப்புத் துணியில் மஞ்சள் பட்டி, பட்டியில் ஏறிநடக்கும் கறுப்புக் கரடி: பேர்ண் மாநிலக் கொடி. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு போன எங்கள் பிள்ளைகள் பலர் அந்தக் கரடிக்குக் கீழேதான் வேலை செய்கிறார்கள்.

அண்ணை அதை ஒரு தொழிலாளியின் கண்ணால் பார்த்து வைத்திருந்தார். "நாக்கையும் நகத்தையும் சிவப்பாய் விட்டிருக்கிறான் பாருங்கோ. கறுப்புக்குள்ளை கறுப்பு அழிஞ்சு போகுமெண்டு தெரிஞ்சவன்."

அவர் சொன்னது சரி. நிறத்தின்மேல் நிறம் வைக்காமல், மஞ்சளையோ வெள்ளையையோ இடையில் வைப்பது ஐரோப்பிய கொடிக்கலையின் பழைய விதி. போர்க்களத் தூரத்திலும் ஆள் யாரென்று தெரியவேண்டும். ஊரி மாநிலத்தின் கொடியில் மஞ்சளில் கறுப்பு எருதுத் தலை, மூக்கில் சிவப்பு வளையம். அங்கே ஒவ்வொரு கிராமத்துக்கும் சொந்தச் சின்னம் உண்டு. ஆனால் எல்லாம் பழையவை அல்ல. 1939இல் சூரிச் தேசியக் கண்காட்சியில் நாட்டின் ஊர்க்கொடிகளையெல்லாம் ஒரே வீதிக்கு மேலே கட்டினார்கள். அந்தக் காலத்தில்தான் பல ஊர்கள் தமக்கொரு சின்னத்தைத் தேடி வரைந்துகொண்டன.

அங்கே கொடி ஆண்டு முழுக்கக் காற்றில் தெரிவதற்கு. இங்கே நிலைமை வேறு. ஏறிய சீலையைத் தர்ப்பையோடு சேர்த்து மரத்தில் சுற்றிவிடுவார்கள். பல நாள் எழுதிய பெருச்சாளி சனத்தின் கண்ணில் படுவது சில நிமிடங்கள்தான். அது கவலையாக இல்லையா என்று கேட்டேன்.

"பாக்கவேண்டியவர் பாத்திடுவார்" என்றார், பிறஸைக் கழுவியபடி.

விடியற்காலை வீதி நிறைந்த சனம். தவிலும் மணியும் அரோகராவும் சேர்ந்து காதை அடைத்தன. அண்ணை சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார். முன்னால் தூக்கிப் பிடித்த பிள்ளைகளின் தலைகள் மறைத்தன. குதிக்காலை உயர்த்திப் பார்த்தார், தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெடியனின் தோளைத் தொட்டார்.

"தம்பி, கண் திறந்தாச்சோ?"

"ஓம் அப்பு, இப்ப ஏறுது."