சுரண்டைக்கு அருகே ஒரு சித்திரப் பள்ளி

ஸ்பெயின் தேசத்துச் சிற்றூர்களில் ஒரு வாரம் தங்கிச் சித்திரம் பயில்வோர் உண்டு. சுரண்டையில் தூரிகை பிடிக்கும் பிள்ளைகளுக்கோ அவ்வளவு தூரப் பிரயாணம் வேண்டியதில்லை. தென்காசி வழியே குற்றாலம் சென்றால் சித்திர சபை இருக்கிறது. நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளுள் ஒன்று. இங்கே இறைவன் வர்ணத்திலேயே ஆடுகிறான். சுற்றிலும் சுவர்களில் புராணக் காட்சிகள்.

ஒரு வாரம் கற்பிக்கும் ஆசிரியர் முதல் இரண்டு நாளும் பிள்ளைகளைப் பார்க்க மட்டும் விடலாம். தூக்கிய திருவடியின் வளைவு கண்ணில் பதிந்த பின்னரே கோடு, அப்புறமே வர்ணம். சுவரைத் தொடலாகாது என்பது முதற் பாடம். ஈரமும் விரலும் சுவரோவியத்துக்குப் பகை. அழிந்த இடத்தில் புதிதாய்த் தீட்டலாம், பழைய கைவண்ணம் திரும்பாது.

சாரல் காலத்தில் அருவியாட வருவோர் குழந்தைகளை அரைமணி நேரம் இங்கும் அழைத்து வருவார்களாக!