கொடுக்கப்பட்ட இடம்

கால்பந்தாட்டம் காண்போரின் கண்கள் பந்தின் பின்னாலேயே ஓடுகின்றன. பந்து வலைக்குள் விழுந்ததும் கோல் அடித்தவரின் பெயர் அரங்கமெங்கும் ஒலிக்கிறது. எதிரணியிடமிருந்து அந்தப் பந்தைப் பறித்து முன்னே செலுத்தியவர் யார் என்று நாம் கேட்பதில்லை. நடுக்களத்தில் தற்காப்புப் பொறுப்பேற்று ஆடுகிறவரின் நிலை இதுதான். தாக்குவோர்க்கும் காப்போர்க்கும் இடையே நின்று, பிறர் விட்டுச் செல்லும் வெற்றிடங்களை நிரப்புவது அவர் பணி. அப்பணியையும் ஆற்றி, ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் தொழில்முறை ஆட்டக்காரராக விளங்கி, 2024 மே மாதத்தில் நாற்பதாம் வயதில் ஓய்வுபெற்றவர் ஜப்பானின் மகோடோ ஹசெபே.

1984 சனவரி 18 அன்று, ஷிசுவோகா மாநிலத்தின் ஃபுஜியெடா நகரில் அவர் பிறந்தார். பள்ளிப் படிப்பை முடித்து 2002இல் உராவா ரெட்ஸ் அணியில் சேர்ந்தார். 2006இல் அவ்வணி ஜப்பானிய லீக் பட்டத்தையும், 2007இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக் பட்டத்தையும் வென்றது. 2008 சனவரியில் அவர் செர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் அணிக்குச் சென்றார். அடுத்த ஆண்டே அந்த அணி, தன் வரலாற்றில் முதன்முறையாகச் செர்மானிய லீக் பட்டத்தைப் பெற்றது.

வெற்றிகளின் பட்டியல் இத்துடன் நிற்கட்டும். நம் சிந்தையைத் தொடுவது வேறொன்று.

வோல்ஃப்ஸ்பர்க்கில் அவருக்கென்று நிலையான இடம் ஒன்று இருந்ததில்லை. நடுக்களம் அவர் விரும்பிய இடம்; ஆனால் வலப்புற ஓரத்திலும், வலப்புறக் காப்பாளராகவும் அவரை நிறுத்தினார்கள். 2011 செப்டம்பரில் ஹோஃபன்ஹைம் அணிக்கு எதிரான ஆட்டத்தில் இலக்குக் காவலர் வெளியேற்றப்பட்டார். மாற்று ஆட்டக்காரர்கள் அனைவரும் ஏற்கனவே களமிறங்கிவிட்டனர். யாராவது ஒருவர் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றாக வேண்டும். கையுறைகளை அணிந்துகொண்டு நின்றவர் ஹசெபே. அந்த ஆட்டத்தில் அவருடைய அணி தோற்றது. வாழ்நாளெல்லாம் கால்களால் ஆடிய ஒருவர் கைகளை விரித்து நின்ற அக்காட்சியை நினைக்கும்போது, தோல்வியின் கணக்கு நமக்குப் பெரிதாகப் படவில்லை.

அப்படியானால் எங்கே நிறுத்தினாலும் வாய்திறவாமல் நிற்பதுதான் பெருமையா? இந்தக் கேள்வியை நாம் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஏனெனில் பணிவு என்ற அழகிய சொல்லைச் சொல்லியே, பேச வேண்டியவர்களைப் பலமுறை நாம் ஊமையாக்கி இருக்கிறோம். ஹசெபே ஊமையாக இருக்கவில்லை. நடுக்களத்தில் ஆட வேண்டும் என்ற தம் விருப்பத்தை நாடி, 2013இல் வோல்ஃப்ஸ்பர்க்கை விட்டு நியூரம்பர்க் அணிக்குச் சென்றார். விரும்பிய இடம் கிடைத்தது. ஆனால் சில மாதங்களில் முழங்காலில் காயம், அறுவை சிகிச்சை. பருவத்தின் முடிவில் அந்த அணியும் முதல்நிலை லீக்கிலிருந்து கீழிறங்கியது. தேடிப்போன இடம் கிடைத்த பிறகும் மனிதருக்கு வாடும் காலம் உண்டு என்பதற்கு அந்த ஓராண்டே சான்று.

2014இல் அவர் பிராங்பர்ட் நகரின் ஐன்ட்ராக்ட் அணியில் சேர்ந்தார். 2016இல் பயிற்றுநர் நிக்கோ கோவாச் அவரை நடுக்களத்திலிருந்து பின்னே இழுத்து, காப்பாளர்களின் நடுவே கடைசி ஆளாக நிறுத்தினார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. பின்வரிசைக்கு அனுப்பப்படுவதை, வெளியேறும் வாசலுக்கு முந்திய படியாக எவரும் எண்ணியிருக்கக்கூடும். நடந்ததோ வேறு. பின்னே நின்றவருக்குக் களம் முழுவதும் தெரிந்தது. கால்களின் வேகம் குறைந்த காலத்தில், பந்து எங்கே வரும் என்று முன்னறியும் கண் கைகொடுத்தது. அந்த இடத்தில் தொடங்கிய இரண்டாம் வாழ்வு மேலும் எட்டு ஆண்டுகள் நீடித்தது. 2018இல் பேயர்ன் மியூனிக்கை வென்று செர்மானியக் கோப்பை. 2022இல் செவீயா நகரில், காயமுற்ற ஒருவருக்கு மாற்றாக முப்பத்தெட்டு வயதில் களமிறங்கி, ஐரோப்பா லீக் கோப்பை. செர்மானிய முதல்நிலை லீக்கில் அவர் ஆடிய ஆட்டங்கள் 384. ஆசியர் எவரும் அவருக்குமுன் அத்தனை ஆட்டங்கள் ஆடியதில்லை.

நாட்டுக்காக அவர் ஆடியவை 114 ஆட்டங்கள். அவற்றில் 81இல் அணித்தலைவர். 2010, 2014, 2018 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளிலும் தலைமை ஏற்றார். 2018 ஜூலையில் பெல்ஜியத்துக்கு எதிராக 2-0 என்று முன்னணியில் இருந்த ஜப்பான், ஆட்டத்தின் இறுதி நொடிகளில் 2-3 எனத் தோற்றது. அத்துடன் அவர் நாட்டு அணியிலிருந்து விடைபெற்றார்.

இத்தனை மாற்றங்களையும் தாங்கிய மனம் எப்படி அமைந்தது? 2011இல் வெளிவந்த தம் நூலில் அவரே விடை தருகிறார். மனத்தை ஒழுங்குபடுத்துதல் என்பது அதன் தலைப்பின் பொருள். நாளின் முடிவில் முப்பது நிமிடங்கள் தனிமையில் அமைதியாக இருப்பது அதில் அவர் கூறும் பழக்கங்களுள் ஒன்று. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்ற அந்நூலின் ஆசிரியர் உரிமைத் தொகையை, அவ்வாண்டு மார்ச் 11 நிலநடுக்கத்தாலும் ஆழிப்பேரலையாலும் பாதிக்கப்பட்டோரின் மீட்சிக்கு அவர் வழங்கினார். அத்தொகை மினாமிசான்ரிக்கு நகரில் மழலையர் பள்ளி ஒன்று மீண்டும் எழத் துணைநின்றது.

ஐம்பதைக் கடந்த நமக்கு இவ்வரலாறு விளையாட்டுச் செய்தியாக மட்டும் தோன்றவில்லை. நாமும் பின்வரிசைக்கு அழைக்கப்படும் வயதில் இருக்கிறோம். அலுவலகத்தில் நம் நாற்காலி இளையவருக்குப் போகிறது. வீட்டின் சாவிக்கொத்து மருமகளின் இடுப்புக்கு மாறுகிறது. முன்பு நம்மைக் கேட்டு முடிவெடுத்தவர்கள், இப்போது முடிவெடுத்தபின் நமக்குச் சொல்கிறார்கள். வலிக்கத்தான் செய்கிறது, வலிக்கவில்லை என்று சொல்வது பொய். நியாயமற்ற மாற்றம் என்றால் அதை எடுத்துச் சொல்லும் உரிமையும் நமக்கு உண்டு.

ஆனால் சொல்லி முடித்தபின், நிற்கும் இடத்திலிருந்து எதைக் காணமுடிகிறது என்று பார்ப்பதும் நம் கடமையே. முன்னே ஓடியபோது நம் முதுகுக்குப் பின்னால் இருந்தவர்கள் இப்போது நம் கண்ணெதிரே ஓடுகிறார்கள். யார் களைத்திருக்கிறார், யார் தனித்து விடப்பட்டிருக்கிறார் என்பது நமக்குத் தெரிகிறது. அவர்களை நோக்கி ஒரு குரல் கொடுக்க நம்மால் முடியும்.

ஓய்வுபெற்ற 2024ஆம் ஆண்டிலேயே ஹசெபே ஜப்பான் நாட்டு அணியின் பயிற்றுநர் குழுவில் சேர்ந்தார். இம்முறை அவருக்குக் கொடுக்கப்பட்ட இடம் களத்தின் எல்லைக்கோட்டுக்கு வெளியே. அங்கும் ஒருவர் நிற்கத்தானே வேண்டும்?