ரேனியஸ் ஐயர் போட்ட பந்தி

ஜூன் 5 ரேனியஸ் ஐயரின் நினைவு நாள். 1838இல் பாளையங்கோட்டையில் இறந்தார். கல்லறை அடைக்கலாபுரத்தில் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் பாதிரியாரை 'ஐயர்' என்றுதான் கூப்பிடுகிறோம். சாதி ஒழிப்பு பேசுகிற நம் வாயில் இந்தப் பட்டம் எப்படி ஒட்டிக்கொண்டது என்று இளைய தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், இன்னொரு நாள் பேசுவோம்.

பிரஷ்யாவில் பிறந்தவர். 1814இல் சென்னைக்கும் 1820இல் பாளையங்கோட்டைக்கும் வந்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார், தமிழ் இலக்கணம் எழுதினார். நினைவு விழாக்களில் இதெல்லாம் தவறாமல் வரும். நாம் பேச வேண்டியது சாப்பாட்டைப் பற்றி.

உபதேசியார்களைப் பயிற்றுவிக்க அவர் நடத்திய பள்ளியில் எல்லாச் சாதிப் பையன்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றார். மேல்சாதிப் பையன்கள் மறுத்தார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பினாரே தவிர, தனிப் பந்தி போடவில்லை. தஞ்சாவூர்ச் சபைகளில் சாதியைக் குல வழக்கம் என்று விட்டுவைத்திருந்த காலம் அது. சபைக்குள் சாதி கூடாது என்று கல்கத்தா பிஷப் வில்சன் கடிதம் எழுதியதே 1833இல்தான்.

மதம் மாறியவர்களை நிலக்காரர்கள் விரட்டியபோது ஜெபம் மட்டும் செய்துவிட்டு அவர் நிற்கவில்லை. 1830இல் தருமச் சங்கம் தொடங்கி, நிலம் வாங்கிக் குடியேற்றினார். சொந்த மனை இல்லாதவனுக்கு எந்த விடுதலையும் நிலைக்காது என்பது அவருக்குப் புரிந்திருந்தது. 1835இல் சர்ச் மிஷன் சங்கம் அவரை விலக்கியது. ஆர்க்காட்டுக்குப் போனவரைத் திரும்ப அழைத்தவர்கள் இங்கிருந்த உபதேசியார்களே.

குறையும் உண்டு. அப்படி எழுந்த ஊர்கள் பலவும் ஒரே சாதி ஊர்களாகவே நின்றன. நிலம் கிடைத்த சாதி வளர்ந்தது. பள்ளர், பறையர் கிறிஸ்தவர்கள் பலருக்கு அதே சபையில் பின்வரிசைதான் மிஞ்சியது. இதை மறைத்துவிட்டு அவருக்கு மாலை போட நமக்கு மனமில்லை.

வெளியே சட்டமும் கைவிட்டது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத தலித்துகளைப் பட்டியலிலிருந்து விலக்கியது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஒன்றிய அரசுக்கு அனுப்பியது.

இந்த ஜூனில் அடைக்கலாபுரத்துக்குப் பூ கொண்டுபோகிற தோழர்களே, கிளம்புமுன் உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு எத்தனை வாசல் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.