ஏரிக்கரையில் ஒரு குடித்தனம்

சகோதரிகளே, அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள சியாட்டில் நகருக்கு என்றாவது போனால், கிழக்கே இருக்கும் வாஷிங்டன் ஏரியைக் கடக்காமல் திரும்பிவிடாதீர்கள். ஏரி ஆழமானது, அடியிலோ சேறு. தூண் நாட்ட வழியில்லை. அதனால் 77 கான்கிரீட் பெட்டிகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அவற்றின்மேல் சாலை போட்டிருக்கிறார்கள். மிதக்கும் பகுதி மட்டும் 7,710 அடி! 2016-ல் திறந்த இதைவிட நீளமான மிதக்கும் பாலம் உலகில் வேறில்லை.

அக்கரையில் பெல்வியூ. அங்கே ரயில் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷனில் ரெட்மண்ட் எல்லைக்குள் இறங்கலாம். இறங்கிய இடமே மைக்ரோசாப்ட் கம்பெனியின் வாசல். உங்கள் வீட்டுப் பிள்ளை கம்ப்யூட்டரைத் திறந்ததும் முகம் காட்டுகிறதே விண்டோஸ், அதைத் தயாரிக்கும் கம்பெனி இதுதான்.

ஏறிய பெல்வியூவில், லிங்கன் ஸ்கொயர் என்ற மாடிக் கட்டடத்தில் வால்வ் கம்பெனி இருக்கிறது. அதை 1996-ல் ஆரம்பித்த கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் இருவரும் மைக்ரோசாப்டில் வேலை பார்த்தவர்களே. வால்வ் 2003-ல் ‘ஸ்டீம்’ என்ற கடையைத் திறந்தது. அலமாரி இல்லாத கடை! பணம் கட்டினால் விளையாட்டு வீட்டுக் கம்ப்யூட்டருக்கே வந்து சேரும். வியாபாரம் அமோகம். ஆனால் கடை இருந்தது விண்டோஸ் என்னும் பிறத்தியார் வீட்டுத் திண்ணையில்.

2012-ல் வீட்டுக்காரரே, விண்டோஸ் எட்டாம் பதிப்போடு, வாசலில் சொந்தக் கடை வைத்தார். குடித்தனக்காரருக்குத் தூக்கம் வருமா? “இது எல்லோருக்கும் பேராபத்து” என்ற பொருளில் நியூவெல் பகிரங்கமாகவே பேசினார். பேசியதோடு நிற்கவில்லை, கொல்லைப்புறக் கதவு ஒன்றை வெட்டத் தொடங்கினார். அந்தக் கதவுதான் லினக்ஸ். பின்லாந்து மாணவர் லினஸ் டொர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கியது. யாரும் இலவசமாக எடுத்தாளலாம்.

முதல் முயற்சி படுத்துவிட்டது. 2015-ல் வந்த ‘ஸ்டீம் மெஷின்’ பெட்டிகளை வாங்க ஆளில்லை. விளையாட்டுகளெல்லாம் விண்டோஸ் பாஷை அல்லவா பேசின! 2018-ல் ‘புரோட்டான்’ என்ற துபாஷியை அமர்த்தினார்கள். விண்டோஸுக்கு எழுதிய விளையாட்டை லினக்ஸில் ஓட வைப்பது அதன் வேலை. 2022-ல் கைக்கடக்கமான ‘ஸ்டீம் டெக்’ வந்தது; இம்முறை ஜனங்கள் வாங்கினார்கள்.

பிறகு குடித்தனக்காரர் வீட்டைக் காலி செய்தாரா? இல்லை! ஸ்டீமில் விளையாடுவோரில் மிகப் பெரும்பாலோர் இன்றும் விண்டோஸ்காரர்களே. 2019-ல் மைக்ரோசாப்ட் தன் ‘ஹேலோ’ விளையாட்டுத் தொகுப்பை அதே கடையில் விற்பனைக்கு வைத்தது. கொல்லைக் கதவு இருந்தால் வாசலில் சுமுகம் நிலவுகிறது, பார்த்தீர்களா?

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். அந்தக் குடித்தனக்காரரே இன்று பலருக்கு வீட்டுக்காரர். விளையாட்டை எழுதியவர்களிடம் பொதுவாக நூற்றுக்கு 30 எடுத்துக்கொள்கிறார். வாங்குகிற நமக்குக் கிடைப்பதும் விளையாட அனுமதிதான், சொந்தமல்ல; 2024 முதல் பணம் கட்டும் இடத்தில் அவர்களே அதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, “அம்மா, ஒரு விளையாட்டு வாங்கித் தா” என்று பிள்ளை கேட்டால் வாங்கிக் கொடுங்கள். கூடவே, “கடை மூடினால் நம் கையில் என்ன மிஞ்சும்?” என்றும் கேட்டு வையுங்கள். நியூவெலைத் தூங்கவிடாமல் செய்ததும் அதே மாதிரிக் கேள்விதானே!