கைப்பிடி அரிசி

அவிநாசிபாளையம் எமது ஊர் என்று கூறுங்கால், கேட்போருட் பலர் அதனை அவிநாசி என்றே கொண்டுவிடுகின்றனர். அவிநாசி திருப்பூருக்கு வடமேற்கே உள்ளது, தேவாரப் பாடல் பெற்ற தலம், பெரிய தேருடையது. அவிநாசிபாளையமோ திருப்பூருக்குத் தென்கிழக்கே, தாராபுரம் செல்லும் வழியில் உள்ளது. எமக்குப் பாடலும் இல்லை, தேரும் இல்லை. இக்கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டில் நண்பரொருவர் கிறிஸ்துமஸ் விடுமுறையில் எம்மைக் காண விரும்பி, அவிநாசியில் இறங்கி, தேர்நிலையருகே இரண்டு மணி நேரம் காத்து நின்று, எம்மை வைதுகொண்டே மாலையில் எம் வீடு வந்து சேர்ந்தார். அடுக்களையில் இருந்த பழைய மண்பானை ஒன்றைக் காட்டி, "இஃது என்ன?" என்று அவர் வினவினார். "அரிசிப் பானை" என்று மட்டும் அன்று விடையிறுத்தோம். சொல்லாது விட்ட மிகுதியை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

எம் ஊர்ப்புறம் வானம் பார்த்த பூமி. பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் முறைத்தண்ணீர் வரும் நாட்களிற் சில காடுகள் பசுமை கொள்ளும். சோளம், சின்ன வெங்காயம், தென்னை, முருங்கை ஆகியவை உண்டு. ஆயினும் எம் குடியிருப்பினர் உண்பது நிலத்தின் விளைவையன்று, நூலின் விளைவையே. திருப்பூரில் 1925ஆம் ஆண்டளவில் தோன்றிய பனியன் தொழில் இன்று சுற்றுப்புறத்துச் சிற்றூர்களையெல்லாம் தன்பால் ஈர்த்துக் கொண்டது. விடியலிற் கம்பெனி வண்டி வந்து சென்றபின் எம் தெருவில் முதியோரும் சிறாருமே எஞ்சுவர். சனிக்கிழமை கூலி நாள். அன்று பலருக்கு ஒன்றரை ஷிப்டு வேலை இருக்குமாதலால், ஞாயிறு காலை ஆராதனையிற் பாதிப்பேர் கண்ணயர்வதை உபதேசியார் கண்டும் காணாதவர் போல் இருந்துவிடுவார்.

ஆலயம் மிகச் சிறிது. ஓட்டுக்கூரை; அறுபதுபேர் அமர்ந்தால் நிறைந்துவிடும். மணிக்குப் பதிலாக வேம்பின் கிளையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். கோயம்புத்தூரில் 1830ஆம் ஆண்டில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் என்பார் பணி தொடங்கினார். தாராபுரப் பக்கத்தில் வெஸ்லியன் மிஷனார் உழைத்தனர். இவ்விரு திறத்தாரும் 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றுபட்டனர். எம்முடையது போன்ற சிற்றாலயங்களுக்குத் தனிப் போதகர் இல்லை. சேகரத்துப் போதகர் மாதம் ஒருமுறை வந்து திருவிருந்து அளிப்பார். மற்றை ஞாயிறுகளில் உபதேசியாரே எல்லாம். அவருக்குச் சேரும் படியோ சிறிது. அதனுள்ளும் ஒரு பகுதி பெண்டிர் கொணரும் கைப்பிடி அரிசியால் அமைந்தது.

கைப்பிடி அரிசியாவது, ஒவ்வொரு வேளையும் உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் இட்டு வைத்து, ஞாயிறுதோறும் ஆலயத்திற் படைப்பது. மிசோரம் நாட்டுச் சபைப் பெண்டிர் 1910ஆம் ஆண்டு முதல் இவ்வழக்கத்தைப் பெரிய அளவில் நடத்திப் பல பணிகளைத் தாங்கி வருகின்றனர். எம் சபையில் அஃது ஒரு சாக்கிற்கு மேல் வந்ததில்லை. தாம் பொன்னி அரிசி உண்டு, ரேஷன் அரிசியைக் காணிக்கைப் பானையில் இட்ட வீடுகளும் உண்டு. அவை யாவை என்பதை உபதேசியாரின் மனைவியார் அரிசியைக் கையில் அள்ளிய மாத்திரத்தில் அறிவார். எம் தாயார் இட்டதும் ரேஷன் அரிசியே. யாம் உண்டதும் அதுவே.

எம் தாயார் பனியன் கம்பெனியிற் செக்கிங் வேலை பார்த்தவர். தைத்து வந்த துணியை வெளிச்சத்திற்கு நேரே விரித்து, ஓட்டை, கறை, தையற்பிழை ஆகியவற்றை நோக்கி, பிசிறு வெட்டுவது அவர் தொழில். அக்கண் ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வதில்லை. ஜெபத்தின் நடுவில் எம் சட்டையில் ஒரு நூல் தொங்கக் கண்டால், குனிந்து பல்லால் அதனை அறுத்து எறிந்துவிட்டு, மீண்டும் கண்களை மூடிக்கொள்வார். குரல் நல்ல குரல். ஊரில் யார் இறந்தாலும் கல்லறைத் தோட்டம் வரை பாடிச் செல்வோர் வரிசையில் முதலில் நிற்பவர் அவரே.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் இறுதியில் நாடு முழுதும் ஊரடங்கு வந்தபோது, ஆலயம் மூடப்பட்டது, கம்பெனிகளும் மூடப்பட்டன. எம் வீட்டிற்குப் பின்னுள்ள லைன் வீடுகளில் வடநாட்டு இளைஞர் எழுவர் ஓரறையில் இருந்தனர். அவர்களை அழைத்து வந்த ஏஜெண்டு தொலைபேசியை எடுக்கவில்லை. ஞாயிறன்று எம் தாயார் வழக்கம்போலப் பானையை இறக்கினார். "கோயில் திறக்கும்வரை வைத்திருந்தால் வண்டு விழுந்துவிடும்" என்று சொல்லி, அரிசியை லைன் வீட்டிற்கு எடுத்துச் சென்றார். அடுத்த ஞாயிறும் அவ்வாறே செய்தார். அதற்கடுத்த ஞாயிறும் அவ்வாறே. மே மாதத்தில் சிறப்பு இரயில்கள் விடப்பட்டபோது அவர்கள் ஊர் சென்றனர். அவருள் ஒருவர், ஜார்க்கண்டைச் சேர்ந்தவர், புறப்படுமுன் எம் வாசலில் நின்று இரு கைகளையும் கூப்பியது நினைவில் உள்ளது. அப்போது அதனைப் பெரிதாக எண்ணினோமில்லை.

மறு ஆண்டில் நோய் இரண்டாம் முறை வந்தது. ஏப்ரல் 26 முதல் வழிபாட்டிடங்கள் மீண்டும் மூடப்பட்டன. மே 10 முதல் முழு ஊரடங்கு. அத்திங்களிலேயே எம் தாயார் காய்ச்சலுற்று, நகரத்து மருத்துவமனை ஒன்றிற் சேர்க்கப்பட்டு, பத்தாம் நாள் இறந்தார். எமக்கு அப்போது வயது பதினைந்து. உறையிற் பொதிந்த உடலே எம்மிடம் வந்தது. முகம் காணக் கிடைத்திலது. உபதேசியாரும் அந்நோயிற் கிடந்தார். போதகர் ஐயா தொலைபேசி வழியே ஜெபம் சொன்னார். காற்றில் அக்குரல் விட்டு விட்டுக் கேட்டது. தந்தையாரும் சிற்றப்பாவும் யாமும் குழி தோண்டிய ஒருவருமாக நால்வர் நின்றோம். வழியிலிருந்த வீடுகளின் கதவுகள் அடைத்திருந்தன. சன்னலுக்குப் பின்னால் ஆட்கள் நின்றதை யாம் கண்டோம். எவரும் பாடவில்லை.

அன்றிரவு தந்தையார் எம் பாட்டியாரிடம், "ஊரில் செத்தவங்க எல்லாருக்கும் பாடினவ. அவளுக்குப் பாட ஒரு வாய் இல்லையே, அம்மா" என்றார். பின்னர் எழுந்து சென்று, கைப்பிடி அரிசிப் பானையைப் பரண்மேற் கவிழ்த்து வைத்தார்.

சபையாரைக் குறை கூற இன்று எமக்கு மனமில்லை. கொள்ளைநோய்க்கு அஞ்சுவது புதிதன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திற் கோயம்புத்தூர் பட்ட பாட்டிற்கு அங்குள்ள பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் சான்று. ஆனால் அன்று எமக்கு மனமிருந்தது; மிக இருந்தது.

ஜூலை 5இல் ஆலயங்கள் திறக்கப்பட்டன. தந்தையார் வரவில்லை. பாட்டியாருடன் யாமும் தங்கையும் சென்றோம். கீர்த்தனை தொடங்கும்போது வாய் திறப்போம், ஒலி எழாது. அதனினும் கொடியது ஒன்றிருந்தது. சபையார் எவரும் எம் தாயாரைப்பற்றி ஒரு சொல்லும் எம்முன் எடுக்கவில்லை. சவ அடக்கத்திற்கு வாராத நாணத்தாற் சிலரும், எம்மை அழவைக்கலாகாது என்ற இரக்கத்தாற் சிலரும் வாய் மூடினர் போலும். தேர்வு, மழை, நூல் விலை ஆகியவற்றையே எம்மிடம் பேசினர். வீட்டிலும் அப்பெயர் வழங்காதாயிற்று. ஒன்பது திங்கள் இவ்வாறு கழிந்தன.

நிற்க. இவ்வாண்டு எம் வகுப்பிற் பெரியபுராணம் பாடமாக உள்ளது. அதில் அவிநாசி வரலாறு வருகிறது. எம் நண்பர் தவறி இறங்கிய அவ்வூரே. சுந்தரர் அவ்வூர் வீதி வழியே செல்கையில், எதிரெதிரான இரண்டு வீடுகளுள் ஒன்றில் மங்கல ஒலியும், மற்றொன்றில் அழுகை ஒலியும் கேட்கின்றன. இரு சிறுவர் முன்னர் மடுவில் நீராடச் சென்றனர். ஒருவனை முதலை விழுங்கிற்று. பிழைத்தவனுக்கு இன்று உபநயனம். இறந்தவனின் பெற்றோர் அது கண்டு அழுகின்றனர். சுந்தரர் மடுக்கரை சென்று பதிகம் பாட, முதலை அச்சிறுவனைக் கரையில் உமிழ்ந்தது என்பது வரலாறு. ஆசிரியர் இதனை விளக்கியபோது வகுப்பினர் வியப்புற்றது முதலை வாயினின்று பிள்ளை மீண்ட இடத்தில். எம் நெஞ்சு நின்றதோ அதற்கு முந்திய இடத்தில். வீதியில் செல்லும் அயலூரார் ஒருவர் நின்று, "இவ்வீட்டில் அழுவது எதனால்?" என்று வினவுகிறாரே, அவ்விடத்தில். எம் தாயாரை எம்முதலையும் கரையில் உமிழவில்லை. ஆயினும் வினவிய அயலூரார் ஒருவர் எம் வீதிக்கும் வந்தார்.

2022 மார்ச்சு மாதம், ஒரு சனிக்கிழமை மாலை. ஜார்க்கண்டு இளைஞர் மீண்டும் வேலைக்கு வந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. தந்தையார் திண்ணையில் அமர்ந்திருந்தார்.

"அக்கா எங்கே?" என்றார் அவர்.

தந்தையார், "இல்லை, தம்பி" என்றார்.

"இன்னிக்கு ஒண்ணரை ஷிப்டா?"

யாம் வாசற்படியில் நின்றிருந்தோம். துஞ்சினார், காலமானார், இறைவனடி சேர்ந்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று சாவை மறைத்துச் சொல்ல நம் மொழியில் எத்தனையோ வழிகள் உள்ளன. இலக்கண நூலார் இதனை மங்கலம் என்பர். அவ்விளைஞருக்குத் தெரிந்த தமிழோ கம்பெனித் தமிழ். அவற்றுள் ஒன்றும் அவருக்கு விளங்காது. தந்தையார் இரண்டு முறை முயன்றார், அவர் விழித்தார். முடிவில், "செத்துப்போச்சு, தம்பி. அக்கா செத்துப்போச்சு" என்றார். சொல்லி முடித்ததும் அழுதார். அவர் அழுததை யாம் கண்டது அதுவே முதன்முறை.

இளைஞர் அருகமர்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த மாதம்? எத்தனை நாள் காய்ச்சல்? என்ன பேசினார்? எங்கே வைத்தீர்கள்? ஒன்பது திங்களாக எவரும் கேளாத கேள்விகள். தந்தையார் எல்லாவற்றிற்கும் விடை சொன்னார். அவற்றுட் சில எமக்கும் அன்றுதான் தெரிந்தன. மருத்துவமனைக்கு ஏறும்போது எம் தாயார், பானையில் மூன்று நாள் அரிசி இருக்கிறது, மறந்துவிடாதீர்கள் என்று சொன்னாராம்.

"போகலாம்" என்றார் இளைஞர். கைவிளக்குடன் கல்லறைத் தோட்டம் சென்றோம். அவர் முண்டா இனத்தவர், லுத்தரன் சபையினர். 1845ஆம் ஆண்டில் இராஞ்சியில் வந்திறங்கிய கோஸ்னர் மிஷனார் தோற்றுவித்த சபை அது. இதனையெல்லாம் யாம் அறிந்தது பின்னர்தான். 2020இல் அவர் கிறிஸ்தவர் என்பதையே எம் தாயாரும் அறிந்திலர், கேட்டதுமில்லை. கல்லறை முன் செருப்பைக் கழற்றி நின்று, சற்றுநேரம் கழித்து அவர் பாடலானார். தம் முண்டாரி மொழியிற் பாடினார். ஒரு சொல்லும் எமக்கு விளங்கவில்லை. பாட்டு நீண்டது, எத்தனை அடி என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டோம். எம் தங்கை இடையில் மெட்டை மட்டும் பற்றிக்கொண்டு உடன் முனகினாள்.

திரும்பியதும் துணிப்பையைப் பாட்டியாரிடம் தந்தார். அவர் ஊர் வயலில் விளைந்த புழுங்கலரிசி, இரண்டு படி இருக்கும். தம் ஊர்த் தாய்மாரும் பிடியரிசி எடுப்பதுண்டு என்று கையால் அள்ளிக் காட்டினார். பாட்டியார் ஒன்றும் பேசாமல் எம்மைப் பரண்மேல் ஏறச் சொன்னார். பானையை இறக்கினோம், பல்லி முட்டை இரண்டு இருந்தன. கழுவித் துடைத்து, முதற்பிடியை அதில் இட்டபின், பாட்டியார் தந்தையாரை நோக்கி, "அரிசி என்ன பாவம் பண்ணுச்சு, கண்ணு?" என்றார். தந்தையார் விடையிறுக்கவில்லை; பானையைத் திரும்பக் கவிழ்க்கவுமில்லை.

அவ்வாண்டு குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 10. பவனியில் அவ்விளைஞரும் அவர் தோழர் இருவரும் எம்முடன் நடந்தனர். சபையார் திரும்பித் திரும்பிப் பார்த்தனர். ஆராதனை முடிந்தபின் உபதேசியாரின் மனைவியார் எம்மிடம் வந்து, தயங்கி, "உங்க அம்மா இருந்தா இவங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கும்" என்றார். அதன்பின் மற்றொருவர் ஒன்று சொன்னார், பின்னர் இன்னொருவர். அடைத்த வீடுகளுள் ஒன்றிலிருந்த மூதாட்டியார் எம் கையைப் பற்றி, சன்னலோரம் நின்று தாம் மெல்லப் பாடியதாகக் கூறினார். அது மெய்யோ, பின்னர் மனம் புனைந்ததோ, யாம் ஆராயவில்லை. அன்று இறுதிக் கீர்த்தனையில் எம் குரல் எழுந்தது, சுருதி சேரவில்லை.

தந்தையார் அந்த ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை. மறு ஆண்டு உள்ளே வந்தார்.

இளைஞர் இப்போது ஓவர்லாக் மெஷின் தைக்கிறார். கடந்த அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை நானூறு ரூபாய்க்கு எடுத்து, ஏலம் புரியாமல் தாமே தம் விலையை இருமுறை ஏற்றிக்கொண்டார். சென்ற கோடை விடுமுறையில் யாம் ஊர் சென்ற ஞாயிறு, ஆலயத் திண்ணையிற் கைப்பிடி அரிசியை அளந்து சாக்கில் இட்டுக்கொண்டிருந்தவர் எம் தந்தையார். எட்டாம் படியை ஏழென்று எண்ணினார். உபதேசியார் திருத்த, இருவரும் வழக்கிட்டு, சாக்கைக் கவிழ்த்து முதலிலிருந்து அளக்கத் தொடங்கினர். எம்மைக் கண்டதும் தந்தையார், "படியைப் பிடி, கண்ணு" என்றார்.