இறக்குவதற்கு முன்

மாசி பிறந்தால் அருப்புக்கோட்டை, திருச்சுழி சாலையோர மோட்டார் பட்டறைகளில் கால் வைக்க இடம் இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகிய கண்மாய்கள் அடி தெரியத் தொடங்கும் நேரம் அது. மல்லிகைக்கோ இனிமேல்தான் பருவம். போர்த் தண்ணீரை நம்பிப் பூத்தோட்டம் வைத்திருப்பவர்கள், வெயில் ஏறும் முன் மோட்டாரை மேலே ஏற்றி, பழுது பார்த்து, மறுபடி இறக்கிவிடத் துடிக்கிறார்கள். அந்த வேலையைப் பார்க்கத்தான் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன்.

மேஜைமேல் ஒரு நீர்மூழ்கி மோட்டார் பிரித்துக் கிடந்தது. மெக்கானிக் ஐம்பதைத் தாண்டியவர். அடிப்பக்கத்து கார்பன் பேரிங்கைத் துடைத்து, நகத்தால் வருடிப் பார்த்தார். பம்ப்பின் பாரம் கீழ்நோக்கி விழுவது இதன்மேல்தான். போரில் மணல் வந்தால் இதில் கோடு விழும். அடுத்து ரப்பர் டயாபிராம். விளக்குக்கு நேரே இழுத்துப் பிடித்து, வெடிப்பு உண்டா என்று விளிம்பு முழுக்கப் பார்த்தார்.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு சோதனை?" என்றேன்.

"மோட்டாருக்குள்ளயும் தண்ணிதான் நிக்கிது அண்ணாச்சி. ஓடிச் சூடானா அது பெருகும், இந்த ரப்பர் விரிஞ்சு எடம் குடுக்கும். வெளித்தண்ணி அமுக்குனா உள்ள ஒதுங்கும். உள்ளயும் வெளியவும் ஒரே அழுத்தமா இருந்தாத்தான் சீல் தாங்கும். இது கிழிஞ்சா சகதி பூராம் உள்ள போயிரும்."

ஆழ்கடல் இயந்திரங்களும் இதே வழியில்தான் பிழைக்கின்றன. 6,000 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் தரையில் நாம் உணரும் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 600 மடங்கு. அங்கே வேலை செய்யும் ரோபோக்களின் மோட்டார்களிலும் மின்இணைப்புப் பெட்டிகளிலும் எண்ணெய் நிரப்பி, வளைந்துகொடுக்கும் ஓர் உறுப்பை வைத்து, உள்ளழுத்தத்தை வெளியழுத்தத்தோடு சமப்படுத்துகிறார்கள். மனிதர் உட்காரும் அறையில் மட்டும் அது நடக்காது. சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் மூன்று பேர் செல்வதற்காக உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 கலத்தில், அந்தக் கோள அறை 2.1 மீட்டர் விட்டம், 80 மில்லிமீட்டர் கனமுள்ள டைட்டானியம் கலப்புலோகம்.

அந்தக் கலத்தையும் நேராகக் கடலடிக்கு அனுப்பிவிடவில்லை. 2025 ஜனவரி, பிப்ரவரியில் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் ஆழமில்லாத நீரில் இறக்கி மிதப்பு, மின்சாரம், கட்டுப்பாடு, உள்ளிருப்போர் சுவாசிக்கும் ஏற்பாடு என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள்.

பட்டறையின் துறைமுகம் பின்கட்டில் உள்ள சிமென்ட் தொட்டி. அதற்கு முன் கேபிள் ஜாயின்ட். உதவியாளர் பையன் மூன்று ஒயர்களையும் வெவ்வேறு நீளத்தில் வெட்டினான். ஜாயின்ட் மூன்றும் ஒரே இடத்தில் அமைந்தால் புடைத்துக்கொண்டு போர்க்குழாயில் உரசும். ரப்பர் டேப்பை இழுத்து, ஒரு சுற்றின் பாதிமேல் அடுத்த சுற்று ஏறும்படி சுற்றினான். ஓரிடத்தில் இழுவை தளர்ந்திருந்தது. மெக்கானிக் எதுவும் சொல்லாமல் முழுவதையும் உரித்துப் போட்டார். பையன் முதலிலிருந்து ஆரம்பித்தான். பிறகு மின்காப்பை அளக்கும் மெகர் கருவியை வைத்துப் பார்த்து, தொட்டியில் ஊறப்போட்டார்கள். விடிந்ததும் மறுபடி மெகர் வைப்பார்கள். முள் இறங்கியிருந்தால் உறை எங்கோ கிழிந்திருக்கிறது என்று பொருள். அந்த மோட்டார் தோட்டத்துக்குப் போகாது.

தோட்டத்திலும் சோதனை ஓயாது. கப்பி வண்டியில் தொங்கவிட்டுக் குழாய் குழாயாக மாட்டி இறக்கும்போது, இடையிடையே நிறுத்தி மெகர் வைப்பார்கள். வழியில் கேபிள் நசுங்கினால் அங்கேயே தெரிந்துவிடும். கடலில் கேபிளைக் காக்கும் பொறுப்பு கப்பலுக்குப் போகிறது. சாகர் நிதி ஆய்வுக் கப்பல் நங்கூரம் இல்லாமல், உந்திகளின் பலத்திலேயே ஓரிடத்தில் நிற்கக்கூடியது. 2010இல் ரோசப் 6000 என்ற ரோபோ மத்திய இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் ஆழம் வரை போனது அந்தக் கப்பலிலிருந்துதான். மேலே கப்பல் நிலைகொள்ளாவிட்டால் கீழே ரோபோவின் கேபிள் தாங்காது.

மத்ஸ்யா 6000 உருவாகிவரும் ஆழ்கடல் இயக்கத்துக்கு ஒன்றிய அரசு 2021இல் 4,077 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் அளித்தது. நாட்டுக்குத் தேவையான செலவுதான் அது. கரிசல் காட்டில் ஆயிரம் அடி போரில் இறங்கும் மோட்டாருக்கும் அந்த அக்கறையில் ஒரு துளி வேண்டும் என்று கேட்கிறேன். இறக்கிய மோட்டார் நின்றுவிட்டால் கப்பி வண்டி வாடகை, காயில் கட்டும் கூலி, அதுவரை தண்ணீரில்லாமல் கருகும் பூஞ்செடி என்று எல்லா நட்டமும் விவசாயி தலையில்தான் விழுகிறது. இந்த மெக்கானிக்குகள் கைப்பழக்கத்தால் கற்றவர்கள். அழுத்தத்தில் வைத்துச் சோதிக்க அவர்களுக்கு ஒரு கருவியும் கிடையாது. தாலுகாவுக்கு ஒரு பொதுச் சோதனைக்கூடம், அதில் ஓர் அழுத்தக்கலன், இவர்களையே ஆசிரியர்களாக வைத்து ஐடிஐ மாணவர்களுக்குப் பயிற்சி. இதைச் செய்தால் பூத்தோட்டங்களுக்குக் கோடையில் தண்ணீர் தடைப்படாது. கடலடிக்குப் போகும் கலங்களைச் சோதிக்கவும் இந்த ஊர்களிலிருந்தே கைதேர்ந்தவர்கள் கிளம்புவார்கள்.