விளையும் பயிர்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது பழமொழி. ஆயினும், எல்லாப் பயிரும் முளையிலேயே தம்மைக் காட்டிக்கொள்வதில்லை.

சென்னையின் சேப்பாக்கம் திடலைத் தாயகமாகக் கொண்டது சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் அணி. 2020ஆம் ஆண்டு ஐ.பி.எல். தொடர், பெருந்தொற்றின் காரணமாக ஐக்கிய அரபு அமீரகத்தில் நடைபெற்றது. அவ்வாண்டு அவ்வணிக்காக முதன்முதலாக ஆடிய இளைஞர் ருதுராஜ் கெய்க்வாட், முதல் மூன்று ஆட்டங்களில் எடுத்த ஓட்டங்கள் 0, 5, 0. அணியோ தோல்விமேல் தோல்வி கண்டு தளர்ந்திருந்தது. இத்தகைய இளைஞரை வைத்துக்கொள்வதா? வேறோர் அணிக்குக் கொடுத்துவிட்டு, தேர்ந்த வீரர் ஒருவரை மாற்றாகப் பெறுவதா? மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வாழும் விளையாட்டன்பர் இவ்வாறு வினவினால், அது வியப்பன்று.

ஓட்டக் கணக்கை மட்டும் பார்ப்பவர்க்கு விடை எளிது. காரணத்தை ஆராய்பவர்க்கு அத்துணை எளிதன்று. கெய்க்வாட் கொரோனா நோயுற்றுத் தனித்திருந்து, பயிற்சி இழந்து, பின்னர்க் களம் புகுந்தவர். அணியினர் அவருக்கு மீண்டும் வாய்ப்பளித்தனர். அடுத்த மூன்று ஆட்டங்களிலும் அவர் ஐம்பது ஓட்டங்களைக் கடந்தார். 2021இல் 635 ஓட்டங்கள் குவித்துத் தொடரில் முதலிடம் பெற்றார். சென்னை அணி கோப்பையை வென்றது.

பொறுத்தவர் எல்லாரும் பயன் பெறுவர் என்பதன்று. வாடிய நாற்றைப் பிடுங்குமுன், குறை நாற்றிலா, நீரிலா என்று காண்பதே அறிவுடைமையாகும்.